மலிவான ரீலும் மதிப்பான மீனும்

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, சஹ்யாத்ரி மலைச்சரிவுகளிலிருந்து செந்நிறமாய் இறங்கி வந்த வெள்ளம் மெல்லத் தெளிந்து, கடக்வாஸ்லா, பான்ஷேத், பவனா, முள்ஷி என்று புனே நகரைச் சூழ்ந்துள்ள நீர்த்தேக்கங்களெல்லாம் நிறைந்து நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், விடியற்காலை வேளைகளில் அவற்றின் கரையோரங்களில் தூண்டில் கோலும் கையுமாகச் சிலர் நிற்பதைக் காணலாம். உண்பதற்காக மீன் பிடிப்பவர் அவர்களில் உண்டு. பிடித்த மீனை அளந்து, எடை பார்த்து, உயிர் குலையாமல் நீரிலேயே திரும்ப விட்டுவிடுவதையே நியமமாகக் கொண்டவரும் உண்டு. பின்னவருக்குத் தூண்டில் போடுவது ஜீவனோபாயம் அன்று. அது ஒரு வித்தை, ஓர் அப்பியாசம், மற்றவர் திறமையோடு தம் திறமையை ஒப்பிட்டுப் பார்க்கும் பந்தயம்.

இவ்வித்தையில் புதிதாகப் பிரவேசிப்பவர் எவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ரீலை நம்பிப் போட்டியில் இறங்கலாமா, அல்லது ஐம்பதாயிரம் ரூபாயையும் தாண்டிச் செல்லும் ஜப்பானிய உயர்தர ரீல் ஒன்றை வாங்க வசதியில்லாதவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாதா என்பதே அக்கேள்வி. பார்வைக்கு இது கடைவீதிக் கேள்வியாகவே தோன்றும். ஆனால், திறமை எங்கே முடிகிறது, கருவி எங்கே தொடங்குகிறது, சிக்கனம் எதுவரை குணமாகவும் எதற்கு மேல் குற்றமாகவும் ஆகிறது என்ற பெரிய விஷயங்களெல்லாம் அதற்குள் அடங்கியிருப்பதால், சற்று நிதானமாகவே அதை ஆராய வேண்டியிருக்கிறது.

நம் கிராமத்துக் குளக்கரையில் மூங்கில் கழியின் நுனியில் தங்கூசி நரம்பைக் கட்டி, மயிலிறகுத் தண்டைத் தக்கையாக்கி, மண்புழுவை முள்ளில் கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடிக்கும் சிறுவனுக்கு ரீல் தேவையில்லை. கழியின் நீளமும் நரம்பின் நீளமும் எட்டும் தூரமே அவனுடைய ராஜ்யம். அதற்குள் அகப்படும் மீனும் பெரும்பாலும் அவன் கைபலத்துக்கு அடங்கியதே. நாற்பது ஐம்பது கஜத்துக்கு அப்பால் இரையை வீச வேண்டும், அங்கிருந்து அதை மீனுக்கு ஆசையூட்டும் வேகத்தில் இழுத்து வர வேண்டும், நரம்பு தாங்கக்கூடிய எடையைப் போல் இரண்டு மடங்கு எடையுள்ள மீன் பாய்ந்தோடும்போது நரம்பு அறுந்துபோகாமல் விட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் ரீல் இன்றியமையாததாகிறது. ஆகவே நரம்பைச் சேமித்து வைத்தல், வீசும்போது தடையின்றி விடுதல், இழுக்கும்போது ஒழுங்காகச் சுற்றுதல், மீன் ஓடும்போது அளவறிந்து இளகிக் கொடுத்தல் என்னும் நான்கு காரியங்களையும் செய்வதற்கென்றே ஏற்பட்ட யந்திரம் அது. எந்த ரீலின் தகுதியையும் இந்த நான்கைக் கொண்டே அளக்க வேண்டுமேயன்றி, பெட்டியின் பளபளப்பைக் கொண்டு அளப்பது முறையன்று.

ரீலின் விலை பற்றிய விவாதம் மிகவும் தீவிரமாக நடப்பது அமெரிக்காவின் பாஸ் மீன் போட்டிகளில். பெரிய வாயும், பச்சை படிந்த உடலும், நீர்ப்பாசிக்கும் மூழ்கிய மரக்கட்டைக்கும் அடியில் பதுங்கியிருந்து இரைமீது திடீரெனப் பாயும் சுபாவமும் கொண்ட பாஸ், அந்நாட்டு ஏரிகளில் சாமானியர்களின் மீனாக வெகுகாலம் இருந்து வந்தது. அலபாமா மாகாணத்து மாண்ட்காமரியில் இன்ஷ்யூரன்ஸ் விற்றுவந்த ரே ஸ்காட் என்பவர், 1967ஆம் ஆண்டு ஆர்கன்ஸாவிலுள்ள பீவர் ஏரியில் 106 பேரைத் திரட்டி ஒரு பந்தயம் நடத்தினார். மறு ஆண்டே அதற்கென ஒரு சங்கத்தையும் ஸ்தாபித்தார். 1971ல் நெவாடாவின் மீட் ஏரியில் அச்சங்கம் நடத்திய முதல் மகா பந்தயத்தில் பாபி மர்ரே என்பவர் வென்று பத்தாயிரம் டாலர் பெற்றார். அதே பந்தயத்தின் முதற்பரிசு இன்று மூன்று லட்சம் டாலராக வளர்ந்திருக்கிறது. பிடித்த மீனைக் கொல்லாமல் படகிலுள்ள நீர்த்தொட்டியில் வைத்திருந்து, எடை போட்டபின் ஏரியில் விட வேண்டும் என்ற விதியை 1972 முதல் ஸ்காட் புகுத்தினார். இறந்த மீனைக் கொண்டுவந்தவனுக்கு எடையில் கழிவு உண்டு. ஒரு நாளில் பிடித்தவற்றுள் கனத்த ஐந்து மீன்களின் மொத்த எடையே கணக்கு.

இத்தகைய போட்டியில் இறங்குபவன் ஒரே ஒரு கோலோடு படகேறுவதில்லை. பாசியின்மேல் துள்ளும் தவளைப் பொம்மைக்கு ஒன்று, ஆழத்தில் ஊரும் ரப்பர்ப் புழுவுக்கு ஒன்று, மூழ்கிக் குலுங்கும் மரமீனுக்கு ஒன்று என்று, முடிச்சை அவிழ்த்து மாற்றும் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரு டஜன் கோல்களைத் தயாராக வைத்திருப்பது அங்கே சகஜம். கோல் பன்னிரண்டென்றால் ரீலும் பன்னிரண்டு. ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ரீலுக்கே ஆகிறது. கம்பெனிகளின் ஆதரவு பெற்ற சில பிரபலர்களை விட்டுவிட்டால், சனி ஞாயிறுகளில் உள்ளூர்ச் சங்கப் போட்டிகளில் கலந்துகொள்ளும் தச்சனுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இது இயலாத செலவு. ஆகையால் அவர்களில் பலர் மலிவான ரீல்களையே நம்பி இறங்குகிறார்கள்.

பெருமீனை எட்டுவதற்குப் பெருவிலைக் கருவி வேண்டும் என்ற நம்பிக்கைக்குப் பலத்த ஆட்சேபமாக நிற்பது பாஸ் மீனின் உலக சாதனை வரலாறு. 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி, பொருளாதார மந்தம் அமெரிக்கக் கிராமங்களை வாட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜார்ஜியா மாகாணத்து விவசாய இளைஞர் ஜார்ஜ் பெர்ரி, மாண்ட்காமரி ஏரி என்று பெயர் வழங்கிய ஓர் ஆற்றோர நீர்நிலையில் நண்பரோடு சேர்ந்து தூண்டில் போட்டார். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோலும் ரீலும்தான் என்றும், அவையும் மலிவானவை என்றும் அவ்வரலாறு கூறுகிறது. அன்று அகப்பட்ட மீனின் எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு பத்திரிகை நடத்திய பெருமீன் போட்டிக்கு அதன் விவரத்தை அனுப்பி, 75 டாலர் பெறுமான சாமான்களைப் பெர்ரி பரிசாகப் பெற்றார்; மீனோ குடும்பத்தின் உணவாயிற்று. 2009ல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் ஓர் அவுன்ஸ் அதிகமிருந்தும், பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது மிஞ்ச வேண்டும் என்ற விதியினால் சமமாகவே பதிவாயிற்று. கருவிகள் இத்தனை முன்னேறிய பிறகும் அந்த ஏழை இளைஞரின் சாதனை வெல்லப்படாமல் நிற்கிறது.

ரீலின் சரித்திரத்தைப் புரட்டினால் இன்னொரு ரசமான உண்மை புலப்படும். வேறு வேறு தொழில் செய்தவர்கள் தங்கள் பட்டறையின் நுட்பத்தைத் தூண்டிலுக்குத் தந்ததனாலேயே இக்கருவி வளர்ந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கென்டக்கி மாகாணத்தில் ஒரு கைப்பிடிச் சுற்றுக்கு உருளை பல முறை சுழலும் ரீலைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரக்காரர். உருளை அசையாமல் நிற்க, நரம்பு மட்டும் அதன் விளிம்பின் வழியே கழன்று ஓடும் ரீலுக்கு 1905ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் கம்பளி ஆலைக்காரர். கதிரிலிருந்து நூல் கழலும் விதத்தைத் தினமும் கண்டவருக்கே அந்த யோசனை தோன்றக்கூடும். பிரான்ஸில் மிட்செல் ரீலைச் செய்த கார்ப்பனோ பான்ஸ் கம்பெனி கடிகார உறுப்புகள் செய்துவந்தது. ஸ்வீடனின் அபு கம்பெனி டாக்ஸி மீட்டர் செய்தது. 1921ல் சக்காய் நகரில் தொடங்கிய ஜப்பானின் ஷிமானோ கம்பெனி சைக்கிள் பல்சக்கரம் செய்து, 1970ல்தான் தூண்டில் கருவிக்கு வந்தது.

இவை எல்லாவற்றிலும் சாமானியனுக்கு மிக உபகாரமானது ஓக்லஹாமா மாகாணத்தின் டல்ஸா நகரிலிருந்து வந்தது. எண்ணெய்க் கிணறுகளில் வெடிக்கும் கடிகாரக் குண்டுகள் செய்துவந்த ஜீரோ ஹவர் பாம் கம்பெனியிடம், டெக்ஸாஸைச் சேர்ந்த ஆர்.டி.ஹல் என்பவர் ஒரு புது மாதிரியைக் கொண்டுவந்தார். மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டும்போது அசையாத நூற்கண்டிலிருந்து கயிறு தானே கழன்று வருவதைக் கண்டு அவர் அமைத்த மூடிய முகமுள்ள ரீல் அது. 1949ல் விற்பனைக்கு வந்த அந்த ரீலில் நரம்பு சிக்கலாகும் தொல்லை அநேகமாக இல்லை. குழந்தையும் எளிதாக வீசலாம். ஜெப்கோ என்று கம்பெனியின் பெயரே பின்னர் மாறிவிட்டது. கைவேலையாய் ஒவ்வொன்றாகச் செய்யப்பட்ட பிரபுக்களின் பொருள், பெருந்தொகையில் யந்திரங்கள் வார்க்கும் சாமானியரின் பொருளாக மாறிய வரலாறு இதுவே. இன்றைய ஆயிரம் ரூபாய் ரீலைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், நூறு ஆண்டுகளுக்கு முன் செல்வந்தர்க்கும் கிட்டாத நுட்பம் அதனுள் இருப்பதை மறந்துவிடலாகாது.

அப்படியானால் அதிக விலை எதை வாங்கித் தருகிறது? முதலாவது, எடைக் குறைவு. விடியற்காலை முதல் பிற்பகல் வரை ஓயாமல் வீசிச் சுற்றும் போட்டியாளனுக்கு ஐம்பது கிராம் வித்தியாசமும் மாலையில் மணிக்கட்டில் தெரியும். இரண்டாவது, உறுப்புகளின் பொருத்தம். உருளைக்கும் சட்டத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளியை விடாமல் கடைவதற்கு உயர்ந்த யந்திரமும் உயர்ந்த வேலையாளும் வேண்டும். அந்த இடைவெளி பெரிதானால் மெல்லிய நரம்பு உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ளும். மூன்றாவது, பல்சக்கரத்தின் உலோகம். மலிவு ரீலில் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து விடுகிறார்கள். உயர்ந்ததில் பித்தளையையோ கடினமான அலுமினியக் கலவையையோ கடைந்து பற்களை வெட்டுகிறார்கள். முன்னது சில பருவங்களில் தேய்ந்து கரகரக்கும். பின்னது பல ஆண்டுகள் நிலைக்கும். நான்காவது, உடலின் விறைப்பு. பெருமீன் இழுக்கும்போது சட்டம் வளைந்தால் உள்ளிருக்கும் சக்கரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். இவையெல்லாம் மெய்யான அனுகூலங்கள். ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பேரிங் எண்ணிக்கை அப்படிப்பட்டதன்று. தரமற்ற பதின்மூன்று பேரிங்குகளைக் காட்டிலும், சரியான இடத்தில் வைத்த தரமான நான்கு பேரிங்குகள் வெகு மேலானவை.

விலையைக் கேட்பதற்கு முன் வாங்குபவர் கவனிக்க வேண்டிய உறுப்பு ஒன்று உண்டு. அதுவே டிராக் என்று தூண்டிற்காரர் சொல்லும் இழுவைத் தடை. அடுக்கடுக்கான சிறு வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து, குறிப்பிட்ட பலத்துக்கு மேல் மீன் இழுத்தால் உருளையைச் சுழலவிட்டு நரம்பைக் கொடுக்கும் ஏற்பாடு அது. சங்கராந்தியன்று பட்டம் விடுபவன், காற்று வலுக்கும்போது விரலிடுக்கில் நூலை இளக்கியும் அடங்கும்போது இறுக்கியும் செய்யும் காரியத்தையே அந்தத் தகடுகள் செய்கின்றன. நரம்பு அறும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அதை இறுக்கி வைப்பது மரபு. நாலரைக் கிலோ தாங்கும் நரம்பென்றால் ஒன்றே அரைக்கால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை போதும். இதைக் கைவிரலின் உணர்ச்சியால் யூகிக்காமல், சிறிய வில்தராசு ஒன்றை நரம்பில் கட்டி இழுத்துப் பார்ப்பதே உசிதம்.

மலிவு ரீல்களில் பல தோற்பது இந்த இடத்தில்தான். அசையாதிருக்கும் தகட்டை அசைக்க வேண்டிய பலத்துக்கும், அசையத் தொடங்கியபின் அதைத் தொடர்ந்து அசைக்க வேண்டிய பலத்துக்கும் வித்தியாசம் மிகுதியானால், மீன் பாயும் முதற் கணத்தில் தடை இளகாமல் பிடித்துக்கொள்ளும். நரம்பு அறுவது அந்தக் கணத்திலேயே. இன்னொரு விஷயமும் உண்டு. மீன் தூரம் ஓட ஓட, உருளையில் மிஞ்சியிருக்கும் நரம்புச் சுற்றின் விட்டம் குறைந்து வரும். விட்டம் பாதியானால், தடையின் திருகாணியைத் தொடாமலே நரம்பின் மேலுள்ள பாரம் இரு மடங்காகும். இதை அறிந்தவன் மீன் ஓடும்போது தடையைச் சிறிது தளர்த்துகிறான். அறியாதவன் பயத்தில் இறுக்குகிறான். விலையுயர்ந்த ரீலும் இறுக்குபவன் கையில் நரம்பை அறுக்கும். மலிவான ரீலும், அதன் தடை சீராக இளகுமானால், தளர்த்துபவன் கையில் மீனைக் கரைசேர்க்கும்.

இனி நம் நீர்நிலைகளுக்கு வருவோம். பாஸ் மீன் புனே ஆறுகளின் பூர்வ குடியன்று. அதே பதுங்கிப் பாயும் சுபாவத்தை இங்கே காண விரும்புவோர்க்கு விரால் இருக்கிறது. பாசியின் மேல் தவளைப் பொம்மையை இழுத்துவரும் யுக்திக்கு அது மயங்குவதைப் போல் வேறு எதுவும் மயங்குவதில்லை. ஆனால் இவ்வூரின் கௌரவத்துக்கு உரிய மீன் தக்காண மஹசீர் என்னும் பெருங்கெண்டை. பம்பாய் அரசாங்கத்துக்காகத் தக்காணத்தின் புள்ளிவிவரங்களைத் திரட்டிவந்த கர்னல் வில்லியம் ஹென்றி சைக்ஸ், புனேக்குக் கிழக்கே முளா முட்டா நதியில் கிடைத்த இம்மீனை 1839ல் விஞ்ஞான உலகத்துக்கு முதன்முதலில் விவரித்தார். டார் குத்ரி என்ற அதன் சாஸ்திரப் பெயரை உலகெங்கும் உச்சரிக்கிறார்கள். நகரத்தின் ஊடே ஓடும் முளா முட்டா இன்று சாக்கடையால் மாசுற்றுக் கிடப்பது நமக்கெல்லாம் துக்கமான சேதி. எனினும், அதே மாவட்டத்தின் லோணாவளாவில், டாட்டா மின்சாரக் கம்பெனியின் வல்வன் அணையருகே, மகாராஷ்டிர மீன்வளத்துறையின் இயக்குநராக இருந்த சி.வி.குல்கர்ணி, எஸ்.என்.ஓகலே முதலியோரின் முயற்சியால் 1970களில் இம்மீனைச் செயற்கை முறையில் இனவிருத்தி செய்யும் பண்ணை உருவாயிற்று. அங்கிருந்து குஞ்சுகள் பல மாகாணங்களுக்கும் சென்றன.

மஹசீரின் பலம் பாஸின் பலத்தினும் வேறுவகையானது. பாஸ் சிறிது தூரம் முட்டி மோதித் துள்ளும். மஹசீரோ இரையைக் கவ்விய மறுகணமே பிரவாகத்தோடு பிரவாகமாக நேர்கோட்டில் ஓடி, பாறைகளுக்கு அப்பால் நரம்பைக் கொண்டுபோய்விடும். சென்னை மாகாண சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873ல் மங்களூரில் வெளியிட்ட தூண்டில் சாஸ்திர நூலில் இம்மீனுக்கே முதன்மை தந்தார். 1946ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மஹசீர் இன்றும் பேசப்படுகிறது. இத்தகைய ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க வேண்டிய ரீல் மலிவாக இருக்கலாம்; பலவீனமாக இருக்கலாகாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவாக அறிவதே இக்கட்டுரையின் சாரம்.

ஏனெனில், கருவியின் குறையால் நேரும் நஷ்டம் முழுவதும் தூண்டிற்காரனைச் சேர்வதில்லை. தடை சரியாக வேலை செய்யாத, சுற்றும்போது வழுக்குகிற ரீலைக் கொண்டு பெரிய மீனோடு போராடுபவன், ஐந்து நிமிஷத்தில் முடிய வேண்டிய போராட்டத்தை அரைமணி நேரமாக நீட்டிவிடுகிறான். அவ்வளவு நேரம் பிராண பலத்தையெல்லாம் செலவிட்ட மீனின் தசைகளில் அமிலம் சேர்கிறது. மூச்சுக்காக அது தவிக்கிறது. இருபது டிகிரி வெப்பமுள்ள நீரில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் அளவு கரையக்கூடிய பிராணவாயு, தக்காணத்துக் கோடையில் முப்பது டிகிரியை எட்டும் நீரில் ஏழரை மில்லிகிராமுக்குக் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் கரைசேர்ந்த மீனை எவ்வளவு பக்தியோடு திரும்ப விட்டாலும், நம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் அது இறந்துபோகக் கூடும். நரம்பு அறுந்தாலோ, வாயில் முள்ளும் பின்னால் இழுபடும் தங்கூசியுமாக அது அலைய வேண்டியிருக்கும். போட்டியில் தோற்றவனுக்குப் போவது ஒரு கோப்பை. மீனுக்குப் போவது உயிர். ஆகவே நாம் மிச்சம்பிடிக்கும் ரூபாயின் கணக்கை மீனின் ஏட்டில் எழுதுவது தர்மமாகாது.

நம் நாட்டில் நடக்கும் தூண்டில் போட்டிகளுக்கு இந்த தர்மம் புதியதன்று. அசாமில் ஜியா பரலி நதியில் நடத்தப்படும் போட்டிகளில் பிடித்த மஹசீரை உயிரோடு திரும்ப விடுவதே நியமம். 1972ல் பெங்களூரில் ஏற்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, களவாக வெடிவைத்து மீன் பிடிப்பதைத் தடுத்து, பிடித்து விடும் முறையை அங்கே நிலைநிறுத்திற்று. ஆயினும் நல்லெண்ணத்தோடு அறிவும் சேர வேண்டும் என்பதற்குக் காவிரியே சாட்சி. லோணாவளாவிலிருந்து சென்ற தக்காண மஹசீர் காவிரியில் பெருகப் பெருக, அந்நதிக்கே உரிய, முதுகு உயர்ந்து ஆரஞ்சுச் செட்டைகளோடு விளங்கிய மஹசீர் அருகிப்போயிற்று; 2018ல்தான் அது டார் ரெமாதேவி என்னும் தனி இனம் என்று விஞ்ஞானிகள் உறுதிசெய்து, முற்றும் அழியும் தறுவாயிலுள்ள உயிராக அறிவித்தார்கள். நம் நீலகிரி அடிவாரத்து மோயாறு இன்று அதற்கு எஞ்சியுள்ள புகலிடங்களில் ஒன்று. 1925ல் கலிபோர்னியாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்ட பாஸ் அங்குள்ள சிறுமீன்களை விழுங்கிப் பரவியதையும் நினைத்தால், போட்டியின் சுவைக்காகப் பாஸை நம் அணைகளில் விட வேண்டும் என்று எவரேனும் யோசனை சொன்னால் அதை முளையிலேயே மறுத்துவிட வேண்டும் என்பது விளங்கும். நமக்கு விராலும் மஹசீரும் போதும்.

இனி, குறைந்த பணத்தோடு கடைக்குச் செல்பவருக்குச் சில வார்த்தைகள். அறியாத பெயருடைய, பதின்மூன்று பேரிங் என்று முழங்கும் ரீலை விட்டுவிட்டு, நல்ல பெயரெடுத்த கம்பெனியின் மிக எளிய மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். கடையிலேயே நரம்பு சுற்றச் சொல்லி, தடையைப் பாதி இறுக்கி, நரம்பை மெல்ல இழுத்துப் பாருங்கள். தயங்கித் தயங்கிக் குதித்துக் கொடுத்தால் அதை வைத்துவிட்டு, வழவழவென்று ஒரே சீராகக் கொடுப்பதை எடுங்கள். கைப்பிடியைச் சுற்றிவிட்டுச் சட்டென்று நிறுத்திப் பின்னோக்கித் தள்ளுங்கள். பின்வாங்காமல் உடனே நிற்பதே நல்லது. புதியவர்க்கு, உருளை அசையாமல் நிற்பதால் நரம்பு சிக்கலாகும் ஆபத்து குறைந்த ஸ்பின்னிங் ரீலே ஏற்றது; உருளையே சுழன்று நரம்பு விடும் பெய்ட்காஸ்டிங் ரீல், கட்டைவிரலால் உருளையின் வேகத்தை அடக்கும் பழக்கம் வந்தபின் வாங்க வேண்டியது. மலிவான பெய்ட்காஸ்டரில் அந்த அடக்கம் தவறினால் உருளை நரம்பை முந்திச் சுழன்று, மூட்டையாய்ச் சிக்கி, போட்டியின் பொன்னான நேரத்தைத் தின்றுவிடும். சுற்று விகிதத்தையும் கவனியுங்கள்: கைப்பிடி ஒருமுறை சுற்றினால் ஐந்து முறை சுழலும் ரீல், நீரைக் கிழித்துக் குலுங்கிவரும் மரமீனை நிதானமாக இழுக்க உதவும், ஏழு முறை சுழல்வது, பாசிமேல் தவளையைக் கவ்விய விராலை அது வேரிடுக்கில் புகுமுன் இழுத்துவிட உதவும்.

ரீலில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கை நரம்புக்கும் முள்ளுக்கும் செலவிடுவதே விவேகம். பழைய தங்கூசி வெயிலில் நைந்து போயிருந்தால் எந்த ரீலும் காப்பாற்றாது. பின்னல் நரம்பைப் பயன்படுத்துவோர் அதற்கு நீளும் தன்மை இல்லை என்பதையும், மீனின் ஒவ்வொரு உலுக்கலும் நேராகத் தடைத் தகடுகளில் வந்து விழும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வழவழப்பான உருளைமேல் அது முழுவதாகச் சுழன்று வழுக்காதிருக்க, அடியில் சில சுற்றுத் தங்கூசியைச் சுற்றிக்கொள்வது அவசியம். வீடு திரும்பியதும் ஈரத்துணியால் சேற்றைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, தடையைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்த தகடுகள் மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் ஒட்டிக்கொண்டு, அடுத்த மீனிடம் துரோகம் செய்யும். பல்சக்கரத்துக்குக் கிரீஸும் பேரிங்குக்கு ஓரிரு துளி எண்ணெயும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இடுங்கள். தடைத் தகடுகளின் மேல் மட்டும் கண்டபடி எண்ணெய் விட வேண்டாம். இந்தப் பராமரிப்பைப் பெற்ற இரண்டாயிரம் ரூபாய் ரீல், அலட்சியமாய் எறியப்பட்ட இருபதாயிரம் ரூபாய் ரீலைவிட அதிக நாள் விசுவாசமாக உழைக்கும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய ஆசையையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. கடிகாரக்காரரும் ஆலைக்காரரும் சைக்கிள் சக்கரக்காரரும் செய்து வளர்த்த கருவி இது என்று கண்டோம். புனேயோ மோட்டாரும் ஸ்கூட்டரும் என்ஜின் பம்புகளும் வார்த்தெடுத்து, பல்சக்கரங்களை வெட்டித் தேறிய யந்திர நகரம். போஸரியிலும் சிஞ்ச்வடிலும் மயிரிழை பிசகாமல் உலோகம் கடையும் பட்டறைகள் தெருத்தெருவாக உள்ளன. அவற்றுள் ஒன்று மனம் வைத்து, பேரிங் எண்ணிக்கையில் போட்டி போடாமல், உறுதியான பித்தளைப் பல்சக்கரத்தோடும், சீராக இளகும் தடையோடும், சேறும் மழையும் தாங்கும் உடலோடும், யார் வேண்டுமானாலும் ஒரு திருப்புளியால் பிரித்துச் சுத்தம் செய்துகொள்ளக்கூடிய ஒரு ரீலை மூவாயிரம் ரூபாய்க்குள் செய்து தருமானால், அது நம் நாட்டின் ஆயிரக்கணக்கான தூண்டிற்காரர்களுக்கு மட்டுமன்றி, அவர்கள் பிடித்து விடும் மீன்களுக்கும் செய்த பேருபகாரமாகும். மலிவு என்பது தரக்குறைவின் மறுபெயரன்று. தேவையற்றதை விலக்கித் தேவையானதைச் செம்மையாகச் செய்யும் புத்திசாலித்தனத்துக்கும் அதுவே பெயர்.

ஆகவே, மலிவான ரீலோடு போட்டிக்கு வர வெட்கப்படத் தேவையில்லை. மீன் எங்கே பதுங்கும், காற்று எத்திசையில் அலையைத் தள்ளும், நீர் தெளிந்தால் எந்த நிறத்து இரை, கலங்கினால் எது என்னும் அறிவைக் கடைகளில் விற்பதில்லை. அதைப் பொறுமையும் பழக்கமுமே தரும், அவ்விரண்டும் ஏழைக்கும் செல்வனுக்கும் சமமாகவே கிட்டும். ஆனால் எத்தனை மலிவாக வாங்கினாலும், நரம்பின் மறுமுனையில் ஓர் உயிர் இருக்கிறது என்ற பொறுப்போடு, அந்த உயிரை விரைவாகவும் பத்திரமாகவும் கரைசேர்த்துத் திரும்ப விடக்கூடிய கருவியாக அது இருக்க வேண்டும். அந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றும் ரீல் எந்த விலையினதாயினும் உயர்ந்த ரீலே. நிறைவேற்றாத ரீலைப் போட்டிக்குக் கொண்டுவரும் உரிமை எவருக்கும் இல்லை.